பின்பக்கமாக இறங்குகிறவர்

அவருக்கு ரிவர்ஸ் என்று பெயர் வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கம்பெனி அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குவது அவர் வேலை. கனமான ஒரு பீரோவை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். மேலே பிடிப்பவர் முன்னால் பார்த்து இறங்குவார். கீழே பிடிப்பவருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவர் முகம் பீரோவைப் பார்த்திருக்கும், முதுகு படியைப் பார்த்திருக்கும். கால் எங்கே விழுகிறது என்று தெரியாமலே ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்க வேண்டும். எடையில் பெரும்பங்கு அவர் மேல். கால் தவறினால் பீரோவும் அவர் மேல். அதனால் கீழ்ப் பிடி என்றால் கம்பெனியில் எல்லோருக்கும் திடீரென்று இடுப்பு வலி வந்துவிடும்.

இவர் மட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து கீழ்ப் பிடிதான். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

"மேல நின்னா என்ன தெரியும்? கீழ இருக்கிறவன் விழுறது தெரியும். அதைப் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு நானே கீழ இருந்துடுறேன்."

பழக்கம் பொல்லாதது. வீட்டிலும் அவர் அறையைவிட்டுப் பின்பக்கமாகத்தான் வெளியே வருவார். வாசல் நிலையில் ஒருநாளும் இடித்துக்கொண்டதில்லை. அவர் மனைவி தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "என் வீட்டுக்காரருக்குப் போற இடம் தெரியாது. விட்டுட்டு வந்த இடத்தைத்தான் பாத்துக்கிட்டே இருப்பார்."

அவருக்குக் கண்ணாக இருந்தவன் அவளுடைய தம்பி.

பெற்றோர் போன பிறகு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் இவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்கவில்லையே என்று அந்த வீட்டில் யாரும் கண் கலங்கியதும் இல்லை. ஏனென்றால் பிள்ளை ஏற்கெனவே வந்து, கூடத்தில் படுத்து, வீடே அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அவன் வளர்ந்து, மாமா வேலை செய்யும் கம்பெனியிலேயே சேர்ந்து, மாமாவுக்கு மேல் பிடி ஆனான். அங்கே அவனுக்கு வந்த பெயர் மீட்டர்.

காரணம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் சாமானைத் தொடுவதற்கு முன்னால் அவன் வெறும் கையோடு மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்குவான். எத்தனை படி, எது உடைந்தது, எது உயரம் கூட, எங்கே திருப்பம், எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொள்வான். பிறகு தூக்கும்போது தலைகீழாக எண்ணுவான். பதினொன்று, பத்து, ஒன்பது என்று எண்ணிக்கை குறையக் குறைய, இன்னும் எத்தனை படி பாக்கி என்று கீழே இருப்பவருக்குத் தெரியும். ஒன்று என்ற பிறகு கடைசியாக ஒரு சொல் வரும்: "தரை."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் ரிவர்ஸ் மூச்சு விடுவார். இருபத்திரண்டு வருடத்தில் பதினாறு வருடம் அவர் கால், மைத்துனன் குரலின் மேல்தான் நடந்தது. "அவன் தரைன்னு சொன்னா, கடலா இருந்தாலும் காலை வெச்சிடுவேன்" என்பார்.

அந்தக் குரல் இப்போது பதினோரு மாதமாக எண்களை மட்டும்தான் சொல்கிறது.

*

நடந்தது இதுதான். சொல்லும்போதே மனம் கனக்கிறது.

நான்காவது மாடியிலிருந்து ஓர் இரும்பு பீரோ. நடுப்படியில் இருக்கும்போது மீட்டரின் சட்டைப் பையில் போன் அடித்தது. பழைய காலத்து மணி அடிப்பது போன்ற சத்தம். அக்காவின் அழைப்புக்கு மட்டும் அவன் வைத்திருந்த சத்தம் அது. படியில் இருக்கும்போது யாரும் போன் எடுக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் சட்டம். போட்டவர் ரிவர்ஸ். அதற்கு முந்தைய வருடம் வேறொரு ஜோடியில் மேல் பிடி ஆள் போனை எடுக்கப்போய், கீழ் ஆளின் கால் எலும்பு மூன்றாக உடைந்தது. அதனால் வந்த சட்டம்.

மணி அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது. ஏழு முறை. மீட்டர் எண்ணிக்கொண்டே இருந்தான். ரிவர்ஸ் இறங்கிக்கொண்டே இருந்தார். தரைக்கு வந்து பீரோவை வைத்துவிட்டுத் திருப்பி அழைத்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்தாள்.

அக்கா அன்றைக்கே போய்விட்டாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, அந்தப் பத்து நிமிடத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. ஆஸ்பத்திரி அறையிலிருந்து ரிவர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார். அன்றைக்கு அவருக்காக யாரும் எண்ணவில்லை. வாசல் நிலையில் முதல் தடவையாக இடித்துக்கொண்டார்.

அதன் பிறகு மீட்டர் பேசவில்லை. கூடத்தைக் காலி செய்துகொண்டு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துப் போனான். வேலைக்கு வந்தான். மேல் பிடி பிடித்தான். எண்ணினான். "தரை" என்றான். அவ்வளவுதான்.

தனக்குக் காரணம் தெரியும் என்று ரிவர்ஸ் நினைத்தார். 'என் சட்டம். நான் போட்ட சட்டம்தானே அவன் கையைக் கட்டிப் போட்டது? என் முகத்தை அவன் எப்படிப் பார்ப்பான்?' என்று இருந்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், "ஆமா, உங்களாலதான்" என்று அவன் சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்தே பதினோரு மாதம் ஓடிப்போனது.

ஆனாலும் ஒன்று செய்தார். மனைவி இருந்தவரை இரண்டு அடுக்குக் கேரியரில்தான் சாப்பாடு வரும். மேல் அடுக்கு அவருக்கு, கீழ் அடுக்கு தம்பிக்கு. இப்போது அவரே சமைத்து, இரண்டு அடுக்கையும் நிரப்பி, கீழ் அடுக்கை லாரியின் முன் சீட்டில் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அது காலியாக, கழுவித் துடைத்து, அதே இடத்தில் இருக்கும். டிரைவரிடம் ஒருநாள் கேட்டார்.

டிரைவருக்கு ஹாரன் என்று பெயர். ரகசியத்தைக்கூட மூன்று தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வான்.

"யாரு சாப்பிட்டா? நான்தான் சாப்பிட்டேன். ஏன்ணே, வீணாப் போகணுமா?" என்றான்.

சரி, டிரைவராவது சாப்பிடுகிறானே என்று அவர் தொடர்ந்து நிரப்பினார்.

*

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரம். வந்த வாரத்திலேயே எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். மேலே 'சேர்ந்து உழைப்போம்' என்று அச்சடித்திருந்தது. கீழே கேள்விகள். 'உங்கள் ஜோடியுடன் ஒரு நாளைக்கு எத்தனை முறை மனம் திறந்து பேசுகிறீர்கள்?'

கண்ணாடிச் சாமான்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டும் பேப்பரக்கா அதை உரக்கப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சுற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் படித்துவிடுவாள். ஆறு மாதப் பழைய செய்தி எல்லாம் அவளுக்கு அன்றன்றைய செய்தி.

"இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்துறேன். என் வீட்டுக்காரர்கிட்டயே நான் மனம் திறந்தது ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் சண்டை. இதுல பீரோ தூக்குறவங்க வேற மனசைத் திறக்கணுமாம்!"

"நீ திறந்தா அப்புறம் யாரு மூடுறது அக்கா?" என்றான் ஹாரன்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் ரிவர்ஸைத் தனியாக அழைத்தார். கையில் அந்தத் தாள்கள்.

"அண்ணே, உங்க ரெண்டு பேர் தாளையும் பாத்தேன். அந்தக் கேள்விக்கு நீங்க ஒண்ணும் எழுதல. அவர் பூஜ்யம்னு எழுதியிருக்கார். விசாரிச்சேன். ஒரு வருஷமா பேச்சே இல்லையாமே? பேசிக்காத ரெண்டு பேரை ஒரு படிக்கட்டுல விடுறது தப்பில்லையா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"படியில பேசுவான் சார்."

"எண்ணுறதெல்லாம் பேச்சா?"

'அதுதான் சார் எனக்கு இருக்கிற ஒரே பேச்சு' என்று சொல்ல வாய் வந்தது. கூச்சம் தடுத்தது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அது மட்டும் இல்ல. கடைசியில 'உங்கள் கோரிக்கை'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சே, அதுல அவரே எழுதியிருக்கார். வேற ஜோடியில போடச் சொல்லி. திங்கட்கிழமையிலிருந்து மாத்திடுறேன். இன்னிக்கு நானும் உங்ககூட வர்றேன். ஒருதடவை பாத்துக்குறேன்."

ரிவர்ஸ் தலையாட்டினார். அறையைவிட்டு வழக்கம்போலப் பின்பக்கமாக வெளியே வந்தார். அவனே கேட்டிருக்கிறான். அவனே. சாமான் தூக்கிக் காய்ந்துபோன அந்தப் பெரிய கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின. அவள் போன அன்றுகூட, அந்த வீட்டில் அவளுடைய சாயலில் ஒரு முகம் மிச்சம் இருந்தது. அந்த முகத்திலிருந்து வரும் பதினொன்று, பத்து, ஒன்பது மிச்சம் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அதுவும் வேறு யாருக்கோ.

*

அன்றைய வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. படிக்கட்டு குறுகல். வீட்டுக்காரி ஓர் ஓய்வுபெற்ற டீச்சர். தன் தம்பி வீட்டோடு போய் இருக்கப்போகிறாள். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். பேப்பரக்கா சுற்றிய கிண்ணங்களைக்கூட மறுபடி எண்ணினாள்.

எல்லாம் இறக்கியாயிற்று. கடைசியாக ஓர் ஒற்றைக் கதவு மர அலமாரி. கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி. படி குறுகல் என்பதால் சாய்க்க முடியாது, நிமிர்த்தியபடியேதான் இறக்க வேண்டும். கம்பளியைச் சுற்றிக் கட்டினார்கள். தோள்பட்டை வார்களை மாட்டிக்கொண்டார்கள். கண்ணாடிப் பக்கம் ரிவர்ஸ். அலமாரிக்கு அந்தப் பக்கம் மீட்டர். இவருக்கு அவன் முகம் தெரியாது. அவனுக்கு இவர் தலை உச்சி தெரியும்.

வெறும் கையோடு மீட்டர் படிகளை எண்ணி வந்ததை ரிவர்ஸ் பார்த்திருந்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. உள்ளங்கையில் பேனாவால் ஏதோ கிறுக்கிக்கொண்டதையும் பார்த்தார். இது ஏழெட்டு மாதமாக நடக்கிறது. பஸ் நம்பராக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

கீழ்த் தளத்தில் மேனேஜர் தாளோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஹாரன்.

"பதினொண்ணு" என்றது குரல்.

ரிவர்ஸ் காலைப் பின்னால் வைத்தார். ஒவ்வொரு எண்ணையும் இன்றைக்குக் கையில் வாங்கி மடியில் கட்டிக்கொள்வது போலக் கேட்டார். பத்து. ஒன்பது. இரண்டாவது மாடி வந்தது. முதல் மாடி வந்தது. இன்னும் ஒரே ஓர் இறக்கம். பதினொரு படி. அப்புறம் ஒரு "தரை". அதோடு சரி.

"பதினொண்ணு... பத்து..."

மேலே வீட்டில் அதே சமயம் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. டீச்சரம்மாவின் போனைக் காணவில்லை. காலி அறை ஒவ்வொன்றாகத் தேடிவிட்டு, "என் நம்பருக்கு ஒரு அடி அடிச்சுப் பாருங்களேன்" என்று பேப்பரக்காவிடம் கேட்டாள். பேப்பரக்கா நம்பரைப் போட்டாள். அந்தப் போன், எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிய டீச்சரம்மா காலையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு மறந்த இடத்தில், அலமாரியின் மேல் தட்டில் இருந்தது.

அலமாரிக்குள்ளிருந்து மணி அடித்தது.

பழைய காலத்து மணி. அதே சத்தம். மரத்துக்குள்ளிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து யாரோ கூப்பிடுவது போல, மீட்டரின் காதுக்கு ஒரு சாண் தள்ளி அடித்தது.

"ஏழு" என்றவன் நின்றுவிட்டான்.

குரல் நின்றால் கால் நிற்க வேண்டும். ரிவர்ஸ் ஒரு காலைப் பின்னால் நீட்டியபடி, பாதம் படியில் படாமல், அப்படியே நின்றார். வார் தோளை அறுத்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"ஏன் நிக்கிறாங்க?" என்றார் மேனேஜர்.

"பேசாதீங்க சார்" என்றான் ஹாரன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகச் சொன்னான்.

நீட்டிய காலை ரிவர்ஸ் மெல்ல இழுத்துப் பழைய படியிலேயே வைத்தார். கூப்பிடலாமா என்று யோசித்தார். அதற்குள் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பதினோரு மாதமாகக் கேட்காத ஒரு சொல் வந்தது.

"மாமா..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, எண்ணிக்கை போச்சு மாமா. எத்தனையில இருந்தேன்னு தெரியல."

"பரவாயில்ல மாப்ள. நில்லு. அவசரம் இல்ல."

"அக்கா கூப்பிடுறா மாமா."

"அது அக்கா இல்லப்பா. உள்ள யாரோ போனை வெச்சுட்டாங்க."

"அன்னிக்கும் கூப்பிட்டா. அவதான்னு தெரிஞ்சேதான் நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஏழு தடவை மாமா. ஒரு தடவை 'நில்லுங்க மாமா'ன்னு நான் சொல்லியிருந்தா..." குரல் உடைந்தது. "உங்க முகத்தை எப்படிப் பாக்குறது? உங்க பொண்டாட்டி கூப்பிட்டா, நான் படி எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அலமாரி நடுங்கியது. அவன் அழுகை மரத்தின் வழியாக அவர் தோளுக்கு வந்தது.

"டேய் மாப்ள, எனக்கு மட்டும் காது இல்லையா? அவ மணி எனக்குத் தெரியாதா? ஏழு தடவையும் கேட்டேன்டா. 'எடு'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சட்டம் போட்டவன் நான்தானே? சொல்லலையே! நீ என்மேல கோவத்துல இருக்கேன்னு நினைச்சேன்."

"உங்கமேலயா? நீங்க என்மேல கோவமா இருக்கீங்கன்னு நான்..."

"அப்ப எதுக்குடா வேற ஜோடி கேட்ட?"

விம்மல் கொஞ்சம் தணிந்தது. மணியும் ஓய்ந்துவிட்டிருந்தது.

"எண்ணிக்கை தடுமாறுது மாமா. ஏழெட்டு மாசமா. மூணு தடவை எண்ணி, கையில எழுதி வெச்சுதான் சமாளிக்கிறேன். இன்னிக்கு வேர்வையில அதுவும் அழிஞ்சு போச்சு. அவளைத்தான் விட்டுட்டேன். நீங்களும் என் கையால விழுந்துட்டா நான் எங்க மாமா போவேன்?"

கீழே மேனேஜர் கையிலிருந்த தாளைச் சுருட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். ஹாரன் தோள் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினான். அந்தச் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"அண்ணே, அலமாரியை இறக்கி வெச்சுட்டு அழுதா நல்லாயிருக்கும்ணே. கனம் உங்க தோள்ல இருக்கு!"

அப்போதுதான் ரிவர்ஸ் கண்ணைத் திறந்தார். அலமாரி நடுங்கியதில் கம்பளி ஒரு பக்கமாகச் சரிந்து, இரண்டு கை அகலத்துக்குக் கண்ணாடி வெளியே தெரிந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தார். அதைவிட, தன் தோளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். படிகள். இருபத்திரண்டு வருடமாக அவர் காலுக்கு மட்டும் தெரிந்த படிகளை, முதல் தடவையாக அவர் கண் பார்த்தது. பயப்படுவதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லை. சிமெண்டுப் படிகள். ஓரத்தில் டீச்சரம்மாவின் செடித் தொட்டி வைத்த வட்டக் கறை.

"மாப்ள, கண்ணாடியில எனக்குத் தெரியுதுடா. ஏழு படிதான் பாக்கி. இன்னிக்கு நான் எண்ணுறேன். நீ என் குரலுக்கு இறங்கு."

"நீங்க எண்ணுவீங்களா?"

"பதினாறு வருஷமா கேக்குறேன். ஏழுக்கு அப்புறம் ஆறுன்னு எனக்குத் தெரியாதா?"

அழுகைக்கு நடுவே அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. அவளுடைய சிரிப்பின் சாயல்.

"ஏழு" என்றார் ரிவர்ஸ். கால் பின்னால் போனது. "ஆறு. அஞ்சு, இது கொஞ்சம் உயரம், பாத்து. நாலு. மூணு. ரெண்டு."

மேலே இருப்பவனுக்கு எண்ணிக்கை தேவையே இல்லை. அவன் கால் வைக்கும் படி அவன் கண்ணுக்கே தெரியும். இருந்தாலும் அவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

"ஒண்ணு" என்றவர் வேண்டுமென்றே நிறுத்தினார். அடுத்த சொல்லை அவர் சொல்லவில்லை.

"தரை, மாமா" என்றான் மீட்டர்.

*

வாரைக் கழற்றிவிட்டு இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ளத் தெரியாத மனிதர்கள். ரிவர்ஸ் அவன் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினார். வேர்வையில் கலங்கிய நீல மை. அதைத் தன் சட்டை நுனியால், குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டார். மை போகவில்லை. அவரும் விடவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை விஷயம்..."

"அந்தத் தாளைக் குடுங்க சார்" என்றான் மீட்டர். "வேற எழுதித் தர்றேன்."

"எழுத வேண்டாம். ஆனா ஒண்ணு." அவர் தயங்கினார். "எண்ணிக்கை தடுமாறுதுன்னு சொன்னீங்களே, அதை என்ன பண்றது? அதை நான் கேட்காத மாதிரி இருக்க முடியாது இல்லையா?"

நியாயமான கேள்விதான். ரிவர்ஸுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் தாங்களே ஒருவரை ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"தடுமாறினா சொல்லிடுவான் சார். இன்னிக்கு சொன்னான் இல்ல? சொன்னா நான் நின்னுடுவேன். சொல்லாம சமாளிச்சான் பாருங்க, அந்த ஏழெட்டு மாசம்தான் ஆபத்து" என்றார். பிறகு மைத்துனனைப் பார்த்து, "இனி ரெண்டு பேரும் சேந்தே போய் எண்ணிட்டு வருவோம். நீயும் எண்ணு, நானும் எண்ணுறேன்" என்றார்.

"போன்?" என்று கேட்டான் மீட்டர், மெல்ல.

ரிவர்ஸ் யோசித்தார். படியில் யாரும் போன் எடுக்கக் கூடாது என்பது இன்னமும் சரியான சட்டம்தான். ஒரு மனிதனின் காலைக் காப்பாற்றும் சட்டம். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க அவருக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது.

"படியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாப் போனையும் ஹாரன்கிட்ட குடுத்துடுவோம். அவன் கீழதானே நிக்கிறான்? அடிச்சா அவன் எடுக்கட்டும். அவசரம்னா கத்தட்டும். சாமானை அங்கயே படியில சாய்ச்சு வெச்சுட்டு ஓடிடுவோம். பீரோ போனா போகுது."

"பீரோ போனா போகுதா?" என்றார் மேனேஜர் திடுக்கிட்டு. பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, போனா போகட்டும்" என்றார்.

"கத்துறதுக்குத்தானே என்னைப் பெத்தாங்க" என்றான் ஹாரன்.

அதற்குள் டீச்சரம்மா மூச்சு வாங்க இறங்கி வந்தாள். பின்னாலேயே பேப்பரக்கா. "என் போன் இதுக்குள்ளயா இருந்துச்சு? வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டேன்!" அலமாரியைத் திறந்து எடுத்தவள், அங்கே நின்றவர்களின் கண்களைப் பார்த்துத் திகைத்தாள். "என்னாச்சு? கண்ணாடி உடைஞ்சிடுச்சா?"

"ஒண்ணும் உடையலம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார் ரிவர்ஸ்.

சாப்பாட்டு நேரம். லாரியின் பின்பக்கப் பலகையை இறக்கிவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மேனேஜருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள் பேப்பரக்கா. உட்காரப் போட்ட செய்தித்தாளில் இருந்த ஏதோ ஒரு மந்திரியின் ராஜினாமாவை அவருக்கு அவள் புதிதாக அறிவித்துக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ் முன் சீட்டிலிருந்து கேரியரின் கீழ் அடுக்கை எடுத்து வந்து டிரைவரிடம் நீட்டினார்.

"இந்தாடா. இன்னிக்கு இவனுக்கும் கொஞ்சம் வைப்பா. தினமும் நீ ஒருத்தனே சாப்பிடுற."

ஹாரன் இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தான். "அண்ணே, தெய்வமே! உங்க சமையலைத் தினமும் திங்கிறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்தா? ஒரு நாள் கூட நான் தொட்டதில்ல. லாரியையே கழுவாதவன் நான், டப்பாவையா கழுவி வைக்கப்போறேன்? சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான், அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்த அவஸ்தை எனக்குத்தான் தெரியும்!"

ரிவர்ஸ் மெல்லத் திரும்பினார்.

மீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, கீழ் அடுக்கை அவர் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்துத் திறந்தான். ஒரு வாய் எடுத்து வைத்தான். மென்றான். விழுங்கினான்.

"உப்பு அதிகம் மாமா" என்றான். "பதினோரு மாசமா சொல்லணும்னு இருந்தேன்."